கை விறைப்பு எல்லாம் சீனியால்தானா?

எனக்கு நீரிழிவு வந்து 12 வருடங்கள். வலது கை விறைக்கத் தொடங்கியபோது, "சீனி வருத்தம் என்றால் விறைக்கத்தான் செய்யும்" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்தேன். நடுச்சாமத்தில் கை எரிந்து எழும்புவேன். உதறினால் கொஞ்சம் குறையும். சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போன பிறகுதான் வைத்தியரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது, சின்னவிரலும் விறைக்கிறதா என்று. இல்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, அவ்வளவுதான். நீரிழிவு பொதுவாக மிக நீளமான நரம்புகளை முதலில் பாதிப்பதால், விறைப்பு இரு பாதங்களிலும் தொடங்கிப் பிறகுதான் கைகளுக்கு வரும். என் பாதங்களில் ஒன்றுமில்லை. மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியில் நரம்பு நசுங்கியிருந்தது. இதை 'கார்பல் டனல்' என்கிறார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையும் அதையே காட்டியது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். இரண்டு பாதிப்பும் ஒன்றாக இருக்கவும் கூடும். மெட்போமின் குளிசையை நீண்டகாலம் பாவிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் விறைக்கலாம். அதை இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம்.

நசுங்கிய நரம்பை விடுவிக்க வழி உண்டு. முதலில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி. பிறகு ஸ்டீரொயிட் ஊசி. அது சில நாட்களுக்கு சீனியைக் கூட்டிவிடும், கவனம். அதற்கும் சரிவராவிட்டால் சிறிய சத்திரசிகிச்சை. பிந்தினால் பெருவிரலடிச் சதை வற்றிவிடும். அதன்பின் வெட்டினாலும் பழைய பலம் முழுதாக வராமல் போகலாம்.

எனக்குப் பட்டி போதவில்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்திருக்கிறேன்.