மனை விளம்பரமும் சேரி நத்தமும்

நசரத்பேட்டைப் பக்கம் மனை விக்கிறவங்க சொல்ற பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். பெங்களூர் நெடுஞ்சாலை பக்கம், வெளிவட்டச் சாலை பக்கம், பூந்தமல்லிக்கு அடிக்கடி பஸ், காலேஜ், நல்ல தண்ணி, தெளிவான பட்டா. வீட்டைவிட வீட்டைச் சுத்தி இருக்கிறதுக்குத்தான் விலை. இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. மனை, பாதை, கிணறு, பள்ளிக்கூடம் என ஒவ்வொன்றும் சேரி சனங்க மனுப்போட்டும் அடிபட்டும் கேட்டவை.

1997 வரை இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், பறையர் நிலை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்காக நாம் அதைப் பேசுகிறோம், 1892 அரசாணையைப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அந்த நிலத்தை மீட்கும் காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். ஆனால் அந்த அறிக்கை வயலைப் பற்றி மட்டும் பேசவில்லை. குடிசை நிற்கிற மண்ணைப் பற்றியும் பேசியது. சேரி நத்தமே தன்னுடையது என்றான் மிராசுதார். வயல்ல எறங்க மாட்டேன்னு ஒருத்தன் சொன்னா கூலி மட்டும் போகாது, கூரையப் பிரிச்சிக்கிட்டுப் போடாம்பான். அடிமை உடைமையை 1843லேயே சட்டம் கைவிட்டுவிட்டது. அதுக்கப்புறம் ஆளைக் கட்டிவைக்க இந்தக் குடிசை மண்ணே போதுமானதாக இருந்தது.

1920 வாக்கில்தான் லேபர் இலாகா வந்தது. நிலத்தை எடுத்து மனையாகப் பிரித்தது. கிணறு வெட்டியது, பாதை விட்டது, பள்ளிக்கூடம் வைத்தது. ஆதிதிராவிடர் பள்ளியை ‘லேபர் ஸ்கூல்’ என்று பெரியவங்க சொல்வது அதனால்தான். அந்த மனைகளில் பலவும் இனாம் அல்ல. கூட்டுறவுச் சங்கம் வைத்து, கடனைத் தவணை தவணையாகக் கட்டி வாங்கியவை. ‘சர்க்கார் சும்மா குடுத்த எடம்தானே’ என்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் யாருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். நடக்கறதுக்கே தீர்மானம்! இன்று அந்தப் பாதைதான் ‘முப்பதடி ரோடு’ என்று விளம்பரத்தில் வருகிறது.

நிலக்காரன் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மண் சொந்தம் என்று சொல்ல 1971இல் குடியிருப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆதிதிராவிடர் மனைக்கு நிலம் எடுக்கத் தனிச்சட்டம் 1978இல் வந்தது. எடுத்த நிலம் பெரும்பாலும் ஊரை ஒட்டாமல், ஒதுக்குப்புறத்தில். நெடுஞ்சாலை வந்தால் ஒதுக்குப்புறமே முன்புறம் ஆகிவிடுகிறது. அப்போதுதான் புரோக்கர் காலனிக்குள் நுழைகிறான்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். பட்டா யார் பேரில் இருக்கிறது?

இந்தப் பக்கம் மனை வாங்க வருகிற நம் படித்த பிள்ளைகள் மூலப்பத்திரத்தோடு நிறுத்த வேண்டாம். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை தாலுகா ஆபீசில் கேளுங்கள். பஞ்சமி நிலமாக இருந்தால் அதில்தான் தெரியும்.