கித்தா மரமும் எண்ணெய் காக்கும் வளையமும்

நாம் வெட்டிய கித்தாப் பால் உலகெங்கும் மோட்டார் வண்டிகளுக்கு டயராயிற்று. ஆனால் அதே வண்டியின் எஞ்சினில் எண்ணெய் ஒழுகாமல் காக்கும் வேலைக்கு மட்டும் அது உதவவில்லை. எஞ்சின் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, குழைந்துவிடும்.

தொடக்கத்தில் அந்த வேலையைத் தோல் செய்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் தோல் பதனிட்டு வந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், உலகப் பொருளாதாரம் சரிந்த 1929 வாக்கில் தோலினால் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் செய்யத் தொடங்கியது. சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும். 1930களில் அதே ஜெர்மனியில் பிறந்த நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெய்க்கு ஈடு கொடுத்தது.

எல்லா வண்டியிலும் அது வந்துவிடவில்லை. 1948இல் வெளிவந்து மலாயாச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனரைப் பாருங்கள். 1952இல் அதற்கு வந்த ஏ வரிசை எஞ்சினில், கிராங்குத் தண்டின் பின்முனையில் ரப்பர் வளையமே இல்லை. தண்டில் வெட்டிய திருகுமரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி நின்றதும் சில சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அதைக் கண்டதும் “எஞ்சினை இறக்கவேண்டும்” என்ற பட்டறைக்காரரிடம் மாதச் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு.

இறக்குமுன் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பார்க்கவேண்டும். பிஸ்டனைக் கடந்து கசியும் வாயு கீழே சேர்ந்து, போக வழியில்லாவிட்டால் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். புது வளையம் போட்டாலும் ஒழுகும். முன்பு இவ்வாயுவைச் சாலையிலேயே விட்டார்கள். புகைமூட்டம் தாங்காத கலிபோர்னியாவில், 1961ஆம் ஆண்டு வண்டிகள் முதல், எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்திற்கே அதைக் குழாய் வைத்துத் திருப்பினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழாய் வெடித்தால் வெளிக்காற்று புகும். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும், எஞ்சின் தடுமாறும்.

இத்தகைய வண்டியைச் சோதிக்கக் காசு வேண்டாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு தாளை வையுங்கள். தாள் உள்ளே இழுபட்டால் மூச்சு சரி. எழும்பினால் குழாய் அடைத்திருக்கலாம், பிஸ்டன் வளையமும் தேய்ந்திருக்கலாம். உறிஞ்சு பக்கத்து இணைப்புகளில் சிறிது தண்ணீர் தெளித்து எஞ்சினின் ஓட்டம் மாறினால், கசிவு அங்கேதான். கேமரன் மலைச் சரிவில் இறங்கி, மறுபடி பெடலை மிதித்ததும் நீலப்புகை வந்தால், வால்வுத் தண்டு வழியே எண்ணெய் உறிஞ்சப்படுகிறது என்று அறியலாம். தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பற்றும். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.