எழுதப்படாத பெயர்களும் இலங்கை இருப்புப்பாதையும்



விருத்தாசலம் சந்திப்பில் இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டி நின்று புறப்படுவதை நீங்கள் அறிவீர்கள். இன்று அந்த வண்டியின் பயணம் இராமேசுவரத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் வாங்கிய பயணச்சீட்டைக் கொண்டே கடலையும் கடந்து கொழும்புவரை செல்ல முடிந்தது. அக்கரையில் காத்திருந்த இருப்புப்பாதை எதற்காக அமைக்கப்பட்டது, அதை அமைத்தவர்கள் யார் என்பதை இந்த வாரம் நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். நம் தென்னாற்காட்டு மண்ணிலிருந்தும் மனிதர் அத்தீவுக்குச் சென்றிருக்கிறார்கள். ஆகவே இது அந்நியருடைய கதை அன்று.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் அந்த மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. விளைந்த காப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க மாட்டுவண்டிகளைத் தவிர வேறு வழியில்லை. மழைக்காலத்தில் வண்டிகள் நாட்கணக்கில் சேற்றில் கிடந்தன. மாடுகள் நோயுற்று மாண்டன. எனவே தோட்டத் துரைமார்கள் இருப்புப்பாதை வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். அதற்கென 1845இல் ஒரு கம்பெனியும் தொடங்கப்பட்டது. 1858 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆளுநர் சர் ஹென்றி வார்டு முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கிவைத்தார். செலவு மதிப்பீட்டைத் தாண்டி வளர்ந்தபடியால், சில ஆண்டுகளில் அரசாங்கமே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து 54 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்பேபுச வரை முதல் வண்டி ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டியது.

இந்த விவரங்களையெல்லாம் நூல்களில் எளிதாகக் காணலாம். ஆளுநரின் பெயர் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் கில்ஃபோர்டு மோல்ஸ்வர்த் என்பவரின் பெயர் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் ஃபேவியலின் பெயரும் இருக்கிறது. கடுகண்ணாவை மலைச்சரிவில் 45 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் அந்தக் கடினமான ஏற்றத்தில் பாறையைப் பிளந்தவர்கள் யார்? சுரங்கம் குடைந்தவர்கள் யார்? அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். காய்ச்சலிலும் காலராவிலும் அவர்களில் பலர் மடிந்தார்கள். அவர்கள் கூலிகள் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிட்டார்கள்.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டும்படி ஜனங்கள் ஒடுக்கப்பட்டார்கள். கட்டளையிட்ட பார்வோனின் பெயரை அந்த அதிகாரம் சொல்லவில்லை. குழந்தைகளைக் காப்பாற்றிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயரையோ, சிப்பிராள் என்றும் பூவாள் என்றும், நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. உலக வரலாறு எழுதப்படும் முறைக்கு இது நேர்மாறானது.

தீவின் இருப்புப்பாதையில் காப்பி இறங்கி வந்தது. அதைப் பயிரிடச் சென்ற மக்களோ நடந்தே ஏறினார்கள். கங்காணியின் பின்னால் இராமநாதபுரக் கடற்கரைவரை நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காடுகளின் வழியே மாத்தளை நோக்கிச் சென்றார்கள். தண்ணீரில்லாமலும் நோயினாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1869இல் காப்பிச் செடியின் இலைகளைத் தாக்கிய நோய் பின்னர் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையைத் தேடிப் பாதையும் மேலே ஏறிற்று: 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. இடையிலுள்ள பட்டிப்பொலை நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 1,890 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது.

1914இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான நீராவிக் கப்பலும் வந்தபின் மக்கள் நடக்க வேண்டிய அவசியம் நீங்கியது. நல்ல மாற்றந்தான். ஆனால் அந்த நாட்களில் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய முறையைக் கவனியுங்கள். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரவில்லை ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் வழிநெடுக உணவும் பயணமும் கிடைக்கும். அந்தச் செலவோ பின்னர் கடனாக அவர் தலைமேல் ஏறும். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் நிறுத்திவைத்த பின்பே கடல் கடக்க விட்டார்கள். தாய் தகப்பன் வைத்த பெயருடன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மனிதர், தோட்டத்தை அடையும்போது ஓர் எண்ணாக மாறியிருந்தார்.

இந்த மக்களிடையே 1854 முதல் நற்செய்திப் பணி நடந்தது. அதற்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயரிட்டார்கள். சபையின் பணிக்குக்கூட அந்தச் சொல்லைச் சூட்டத் தயங்கவில்லை என்பதை வேதனையோடு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்த உபதேசியார்கள் ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது எண்ணைக் கேட்பதில்லை. பெயரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பெயர் எழுதப்படுவது அவ்வளவு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நடந்ததைப் பாருங்கள். விடுதலை பெற்ற இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. தான் பிறந்ததை மட்டுமல்ல, தன் தகப்பனும் அத்தீவில் பிறந்தவர் என்பதை ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்து அறையில் பிறந்து, எந்த ஏட்டிலும் பதியப்படாத தகப்பனுக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது? மூன்று தலைமுறையாய் உழைத்த இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று பிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த இரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. அந்தத் துறை மீண்டும் எழவில்லை. தாயகம் திரும்பியவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். அவர்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த வண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். கோச்சி என்பது அங்கே இரயிலைக் குறிக்கும் சொல். போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததால் அந்தப் பெயர் வந்தது. தாத்தனின் காலத்தில் தேயிலைக்காகப் போடப்பட்ட அதே தண்டவாளம், பேரனைப் பிறந்த மண்ணிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தது.

அங்கேயே தங்கியவர்களில் குடியுரிமையற்றிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இங்கு வந்தவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே வாழ்வைத் தொடங்கினார்கள். சிலர் சமவெளிக் கிராமங்களில் உறவைத் தேடி வந்து, தங்கள் சொந்த ஊரிலேயே 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி வந்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். கப்பலில் வரும்போது சிறு பிள்ளையாக இருந்தவர்களுக்கே இப்போது முதுமை வந்துவிட்டது. அவர்களிடம் சென்று உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த நிலையத்தில் வண்டி ஏறினீர்கள், உங்கள் பாட்டனார் பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் பிழையில்லாமல் எழுதிவையுங்கள். தேவனுடைய நினைவில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன என்பதே நம் நம்பிக்கை. நம்முடைய நினைவிலும் அவை இருக்க வேண்டும்.