விமானச் சில்லும் விழிப் புரையும்
கருவிகளின் கதை – 17

சென்ற வாரம் உங்களை மதுரையில் நிறுத்தியிருந்தேன். ஆண்டு 1992. டாக்டர் வெங்கடசாமியின் அரவிந்த் கண் மருத்துவமனை, ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் திறக்கிறது. புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலையை அது எப்படி முறித்தது என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. அதற்கு முன் லண்டனுக்கு ஓர் எட்டுப் போய்வந்துவிடுவோம்.

1940 ஆகஸ்ட். ஹரிக்கேன் போர் விமானி கார்டன் கிளீவர் அன்று பார்த்துக் கண்காப்பு அணியாமல் கிளம்பிவிட்டார். குண்டடியில் தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் கூரை சிதறி, சில்லுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. இன்னொன்றில் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டன. வெளிப்பொருள் எது புகுந்தாலும் சிவந்து வீங்கும் கண், இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் பொறுத்துக்கொண்டது.

இதைக் கவனித்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. புரை அறுவையை வேடிக்கை பார்த்த மாணவர் ஒருவர், ‘எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறு வைக்க மாட்டீர்களா?’ என்று கேட்டது அவரை உலுக்கியது. 1949 நவம்பர் 29 அன்று, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் லென்ஸைப் பொருத்திப் பார்த்தார் ரிட்லி. காப்புரிமை கேட்கவில்லை. விஷயத்தை வெளியே விடவும் இல்லை.

1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்கு நோயாளிகளையே கூட்டிவந்தார். அன்றைய கண் மருத்துவ உலகின் சக்கரவர்த்தி ஸ்டூவர்ட் டியூக்-எல்டர், அந்த நோயாளிகளைப் பார்க்கவே மறுத்தார். ஆரம்ப லென்ஸ்கள் சில நகர்ந்ததும் அழற்சி வந்ததும் உண்மைதான். பரிசோதித்துவிட்டுத் திட்டியிருந்தால் நான் மதித்திருப்பேன். அலமாரி கொள்ளாத அளவு கண் மருத்துவ நூல் எழுதியவர், எதிரே நின்ற கண்ணைப் பார்க்க மறுத்தாரே! என் கணக்கில் இந்தக் கதையின் வில்லன் அவர்தான். பெரியவர் முகம் திருப்பினால் சின்னவர்கள் கத்தியை எடுப்பார்களா? ரிட்லியின் வேலை பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டே கிடந்தது.

அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் நம் பாட்டிகள். புரை எடுத்த கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதில் பார்த்தால் எல்லாம் கால்பங்கு பெரிதாகத் தெரியும். ஓரத்தில் வருவது தெரியாது. படி எங்கே இருக்கிறதென்று கால் தடுமாறும். தீபத்தன்று திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டத்தில் கண்ணாடி விழுந்து மிதிபட்டால், பாட்டி மறுபடி குருடுதான். பிற்பாடு லென்ஸ் பணக்கார நாடுகளில் பரவியபோதும், ‘ஏழை நாட்டுக்குத் தடிக்கண்ணாடி போதும்’ என்று சொன்ன நிபுணர்கள் உண்டு. அவர்களுக்கு அதையே மாட்டிவிட்டு, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நடக்கவிட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் மதுரை வருகிறது. இறக்குமதி லென்ஸ் ஏறக்குறைய நூறு டாலர் விற்றபோது, ஆரோலேப் பத்து டாலர் அளவில் இறங்கியது. கடைந்தது ரிட்லி வைத்த அதே இனப் பிளாஸ்டிக்கைத்தான். புதுமை பொருளில் இல்லை, வாங்குபவர் யார் என்பதில் இருந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளராகவே எண்ணாத கண் முகாம் நோயாளிகள்தான் ஆரோலேப்பின் சந்தை. மேலே இருப்பவனிடம் மல்லுக்கு நிற்காமல், அவன் கணக்கில் வராதவர்களிடம் போய்க் கடை விரிப்பது: மருத்துவக் கருவிச் சந்தை பலமுறை இப்படித்தான் புரண்டிருக்கிறது. பத்து டாலருக்குக் கட்டுப்படியானது எப்படி, தரம் பற்றிய சந்தேகத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் ஒரு முழு அத்தியாயத்துக்கான சரக்கு.

கிளீவரை அந்தரத்தில் விட மனமில்லை. 1987இல் அவரது மிஞ்சிய கண்ணிலும் புரை விழ, அவர் காயத்திலிருந்து பிறந்த லென்ஸையே அவருக்கும் வைத்தார்கள். ரிட்லிக்கு 2000இல் சர் பட்டம் கிடைத்தது, 93 வயதில். டியூக்-எல்டர் 1978இலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்தக் காட்சியைப் பார்க்க மறுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

(ஆரோலேப்பின் பட்டறைக்குள் அடுத்த வாரம்)