ஏடும் குரலும்: ஆப்பிரிக்கப் பெண்டிரின் இலக்கிய மரபு குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆப்பிரிக்க இலக்கிய சரித்திரம் எழுதப் புகுவோர் பலரும், பெண்பாலாரைப் பற்றிய அதிகாரத்தை இரு கூறாக்கி, முற்கூற்றில் தாலாட்டு, ஒப்பாரி, மணப்பாட்டு, கதை முதலியவற்றைக் காலமும் கர்த்தாவும் சுட்டாமல் ஒருசேரக் குவித்துவிட்டு, பிற்கூற்றை 1966-ஆம் ஆண்டில் நைஜீரியாவின் புளோரா நுவாப்பா 'எஃபுரு' என்ற நாவலையும் கென்யாவின் கிரேஸ் ஒகோட் தம் முதல் நாவலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட செய்தியோடு தொடங்குவது பெருவழக்கு. பாடியவள் பெயரற்றவள், எழுதியவள் நேற்று வந்தவள் என்னும் எண்ணம் இப்பகுப்பினால் வேரூன்றிவிடுகிறது. அவ்விரு பெண்மணிகளின் பெருமையை நான் குறைத்துரைக்க வரவில்லை. 'எஃபுரு'வின் பெரும்பகுதி ஊர்ப் பெண்களின் உரையாடலாகவே நடப்பதைக் கற்றோர் அறிவர். ஆயினும், எழுத்தறிந்த ஆப்பிரிக்கப் பெண்டிர் பலர், ஏட்டில் கிடப்பதற்காகவன்றிச் செவியில் விழுவதற்காகவே எழுதினார்கள் என்பதையும், அதனால் வாய்மொழி, எழுத்து என்ற பிரிவினை அவர்களிடத்தில் செல்லாது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குத் தலையாய சான்று நானா அஸ்மாவு (1793–1864). இன்றைய வடநைஜீரியாவில், 1804-இல் தொடங்கிய சமயப் போரினால் சொக்கோட்டோ அரசை நிறுவிய ஷேக் உஸ்மான் டான் ஃபோடியோவின் புதல்வியாகிய இவ்வம்மையார், தம் குடும்பத்தின் மொழியான ஃபுல்ஃபுல்டேயிலும், பொதுமக்களின் மொழியான ஹௌசாவிலும், வித்துவான்களின் மொழியான அரபியிலும் செய்யுள் இயற்ற வல்லவராக விளங்கினார். அறுபதுக்கு மேற்பட்ட அவருடைய படைப்புகள் கிடைத்துள்ளன. ஜீன் பாய்டும் பெவர்லி மாக்கும் அவற்றைத் தொகுத்து 1997-இல் வெளியிட்டனர். எவருக்காக எழுதுகிறோம் என்பதை எண்ணியே அவர் மொழியைத் தேர்ந்தார். மேற்றிசைப் பாலைநிலத்திலிருந்து வந்த ஷிங்கீத்தி என்ற அறிஞரை வரவேற்றபோது அரபியில் பாடினார். நாட்டுப்புறப் பெண்டிருக்குச் சமய நெறியைப் புகட்ட வேண்டியபோது, ஹௌசாச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் அஜமி முறையைக் கைக்கொண்டார். திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களின் பெயர்களையும் ஒரே பாட்டில் அடக்கி, அதனை மும்மொழியிலும் ஆக்கித் தந்தார் என்றால், எழுத்தறியாத ஒருத்தியும் மனனம் செய்துகொண்டு வீடு திரும்ப வேண்டும் என்ற கருத்து அவருள்ளத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பது புலப்படும்.

அப்பாட்டுகள் பரவிய விதம் அதனினும் போற்றத்தக்கது. 'யன் தாரு' என்னும் மகளிர் குழுக்களை அம்மையார் அமைத்தார். மனைக்காவலில் வாழ்ந்த இளந்தாய்மார் வெளிச்செல்லல் அரிதாகையால், சிறுமியரும் முதிய பெண்டிருமே, 'ஜாஜி' எனப்பட்ட தலைவியரின் வழிநடத்தலில் ஊர்களிலிருந்து சொக்கோட்டோவுக்கு நடந்து வந்து, பாடங்கேட்டு, நெட்டுருச் செய்து, மீண்டும் தம் ஊர்களுக்குச் சென்று பிறருக்குக் கற்பித்தனர். ஆசிரியையின் கையில் ஏடாகத் தோன்றியது ஜாஜியின் நாவில் பாட்டாகிறது. கேட்டவள் நினைவில் அதுவே நூலாக நிலைபெறுகிறது. இவற்றுள் எதனை வாய்மொழி என்று ஒதுக்குவது, எதனை எழுத்து என்று ஏற்பது?

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அஸ்மாவு வென்றவரின் மகள். அவ்வரசு போரினால் எழுந்தது, அடிமைகளையும் கொண்டிருந்தது. அவர் பாடல்களுள் வெற்றிப் புகழ்ச்சியும் உண்டு. ஜாஜியின் தலையில் அவர் சூட்டிய 'மல்ஃபா' என்னும் வைக்கோல் தொப்பியோ, பழைய கோபிர் நாட்டில் 'போரி' என்ற ஆவி வழிபாட்டின் தலைவியாகிய இன்னாவுக்கு உரிய சின்னமாக இருந்தது. அதனை எடுத்துச் செந்துணி சுற்றித் தம் மாணவியருக்கு அளித்ததன் வாயிலாக, பழைய தலைமையின் மதிப்பைப் புதிய நெறிக்கு அவர் மாற்றிக்கொண்டார். போரிப் பெண்டிரின் பாட்டுகளோ சொக்கோட்டோ அவையின் ஏடுகளில் இடம் பெறவில்லை. ஒரு பெண் மரபு ஏடேறியபோது மற்றொரு பெண் மரபு தாழ்த்தப்பட்டது என்பதை மறைத்துவிட்டு அஸ்மாவுவைக் கொண்டாடுவது சரித்திர தர்மமாகாது.

கீழைக் கரையில், 1858-இல் பாத்தே தீவுப் பெண்ணாகிய முவானா குபோனா தம் மகளுக்கு உபதேசமாகச் சுவாஹிலியில் இயற்றிய நெடும்பாட்டும் அரபு எழுத்தில் எழுதப்பெற்று, ஓதக்கேட்டு வழங்கியதே.

தென்னாப்பிரிக்காவிலோ நிலைமை தலைகீழாகத் திரும்பியது. கோசா மக்களிடையே அரசரையும் குலத்தையும் அவையேறிப் பாடும் 'இம்போங்கி' பதவி அக்காலத்தில் ஆடவருக்கே உரியதாக இருந்தது. ஆனால் நொன்ட்சிசி ம்க்வெத்தோ என்ற பெண்மணி, 1920 முதல் 1929 வரை, ஜோகன்னஸ்பர்க்கில் வெளிவந்த 'உம்தெத்தெலி வா பண்டு' என்ற பத்திரிகையில், தம்மைப் பெண் இம்போங்கி என்றே அழைத்துக்கொண்டு, அப்புகழ்ப்பாட்டின் ஓசையும் சீற்றமும் குன்றாமல் பாடல்கள் வெளியிட்டார். வெள்ளையராட்சியைக் கண்டித்தார், தம் தலைவர்களின் பிளவையும் கண்டித்தார். அவையில் எழுந்து பாட முடியாதவளுக்கு அச்சு ஓர் அவையைக் கொடுத்தது. வாய்மொழியை விழுங்க வந்த பகையாக எழுத்தைக் கருதுவோர் இந்நிகழ்ச்சிக்கு என்ன விடை கூறுவார்கள்? அப்பாடல்களை ஜெஃப் ஓப்லண்ட் 2007-இல்தான் நூலாக்கினார். அதுகாறும் அவை பழைய பத்திரிகைத் தாள்களில் கிடந்தன.

ஆகவே ஆப்பிரிக்க இலக்கியத்தைப் போதிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: அஸ்மாவுக்கும் முவானா குபோனாவுக்கும் ம்க்வெத்தோவுக்கும் பெயரும் ஆண்டும் குறித்துத் தனி அதிகாரம் வகுத்த பின்னரே 1966-க்கு வருக, அவ்வதிகாரத்தை எழுதும் பொறுப்பை ஹௌசாவும் சுவாஹிலியும் கோசாவும் கற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.