ஒரு மைல் என்னும் எல்லை

பாரிஸ் நகரத்துத் தேநீர்ச்சாலைகளில் தொலைக்காட்சியின் முன் பந்தயச் சீட்டோடு கூடிநிற்போரை நம்மிற் பலர் கண்டிருப்போம். அவர்கள் பார்ப்பது பலவேளைகளில் வின்சேன் மைதானத்து வண்டிக்குதிரைப் பந்தயமாகவே இருக்கும். இருசில்லு வண்டியை இழுத்தவாறு, மூலைக்கால்கள் இரண்டிரண்டாக ஒருசேர எழுந்து விழும் ஓட்டநடையில் குதிரைகள் போட்டியிடுகின்றன. நடை பிறழ்ந்து பாய்ச்சலில் ஓடும் குதிரை தன் வாய்ப்பை இழக்கிறது. சூதாட்டத்தை நாம் பரிந்துரைக்கவில்லை; இதன் வரலாறு மட்டுமே நம் கவனத்துக்குரியது.

அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் 'அமெரிக்கப் பரிசு', முதலாம் உலகப்போரில் அமெரிக்கா செய்த உதவிக்கு நன்றியாக 1920இல் தொடங்கப்பட்டது. அதன் தூரம் இன்று 2700 மீற்றர். அமெரிக்காவிலோ இவ்வகைப் பந்தயங்கள் அநேகமாக யாவும் ஒரு மைலுக்கே, அதாவது 1609 மீற்றருக்கே நடத்தப்படுகின்றன. வேறு தூரங்களையும் அங்கு பரீட்சித்தால் என்ன என்பதே கேள்வி.

ஒரு மைல் ஆதிதொட்டு வந்த விதியன்று. 1839இல் நியூஜேர்சியின் ஹொபோக்கனில் டச்மன் என்னும் குதிரை, வண்டியின்றி முதுகில் ஆளைச் சுமந்து, மூன்று மைல்களை 7 நிமிடம் 32½ செக்கனில் கடந்தது. ஒரே நாளில் குதிரைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மூன்று ஓட்டங்களை வென்றதற்குப் பரிசளிப்பதும் அக்கால வழக்கம். 1845இல் அதே ஊரில் லேடி சஃபோக் என்னும் சாம்பல்நிறப் பெட்டைக்குதிரை ஒரு மைலை 2 நிமிடம் 29½ செக்கனில் முடித்தது. இரண்டரை நிமிட எல்லை முதன்முறையாக உடைந்தது. அதன்பின் எல்லோர் கண்ணும் மணிக்கூட்டின் மீதே. அரைமைல் ஓடுபாதைகளில் ஒரு மைல் என்பது சரியாக இரு சுற்று. தொடக்கமும் முடிவும் பார்வையாளர் முன்னிலையிலேயே நிகழும். இந்த வசதியும் சேர்ந்துகொண்டது.

1879இல் குதிரை வளர்ப்போர் சங்கம் இனப்பதிவுக்கு வகுத்த தகுதிகளுள் ஒரு மைலை இரண்டரை நிமிடத்தில் ஓடுவதும் ஒன்று. 'ஸ்ரான்டர்ட்பிரெட்' என்ற இனப்பெயரே அந்த அளவுகோலிலிருந்து பிறந்தது. பந்தயத்துக்கு வைத்த தூரம் இனத்தையே செதுக்கத் தொடங்கியது! விரைவில் முதிர்ந்து விரைவாய் ஓடும் குதிரைக்கு விலை ஏறிற்று. மெல்ல முதிர்ந்து நெடுந்தூரம் தாங்கும் குதிரையை வைத்திருக்கும் சிறு உரிமையாளனுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. நமக்கு உறுத்துவது இதுவே.

1959இல் நியூயோர்க் அருகே ரூஸ்வெல்ற் மைதானத்தார் ஒன்றரை மைலுக்கு ஒரு சர்வதேசப் பந்தயம் நடத்தினர். பிரான்சிலிருந்து சென்ற ஜமேன் வென்றது. அதன் விருப்ப உணவான ஆட்டிச்சோக் பறிமுதலான கதை அன்றைய பத்திரிகைகளில் அடிபட்டது. அம்மைதானம் 1988இல் மூடப்பட்டது. நியூசிலாந்தில் 1904இல் தொடங்கிய கிண்ணப் பந்தயம் இரண்டு மைல்களுக்கானது. அவுஸ்திரேலியாவில் ஒரு மைலுக்கான 'மிராக்கிள் மைல்' 1967இல் ஆரம்பமாகி, நெடுந்தூரப் பந்தயங்களோடு கூடவே வளர்ந்தது.

ஓடுபாதை சிறிது, வளைவுகள் கூடும், நேரங்களை ஒப்பிடமுடியாது என்று மறுப்போருமுளர். 2015இல் யோங்கர்ஸ் மைதானம் சர்வதேசப் பந்தயத்தை மீட்டெடுத்தபோது அரைமைல் பாதையிலேயே ஒன்றேகால் மைல் ஓட்டியது. ஆகவே முதற்காரணம் வலுவற்றது. நேர ஒப்பீடு பந்தயம் கட்டுவோரின் கவலை, குதிரையினது அன்று.

ஆயினும் ஓரிரு நாட் காட்சியாக நடத்துவதிற் பயனில்லை. குட்டியொன்று பிறந்து களத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். நெடுந்தூரப் பந்தயங்கள் குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளாவது தொடரும் என்று முன்கூட்டியே அறிவித்தாலன்றி, எந்த வளர்ப்பாளனும் அதற்கேற்ற குட்டியைத் தேடமாட்டான்.