காஞ்சித் திணையில் புண்ணோம்பல்

முன்னுரை

சங்கப் புறப்பாடல்களில் புண் பற்றிய குறிப்புகள் பரவலாக உள்ளன. அவை பெரும்பாலும் மறப்பண்பை விளக்கும் சான்றுகளாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. மார்பில் ஏற்ற புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டமையும், முதுகில் ஏற்ற புண் புறப்புண் என இகழப்பட்டமையும் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டவை. புண்பட்ட வீரன் போர்க்களத்திலிருந்து மீண்ட பின்னர் அவனுக்கு நேர்ந்தது என்ன, அவன் புண்ணை ஆற்றியவர் யார், எவ்வாறு ஆற்றினர் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறவில்லை. காஞ்சித் திணையின் இரு துறைகளை மையமாகக் கொண்டு, பண்டைத் தமிழரின் புண் மருத்துவ முறைகளையும் புண் ஆறுதற்குரிய காரணிகள் குறித்த அவர்தம் கருத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புண்ணை மதிப்பிடும் இருவகை நோக்கு

இக்கால மருத்துவம் ஒரு புண்ணின் இடம், அகலம், ஆழம், விளிம்பு, கசிவு, நாற்றம் ஆகியவற்றை நோக்கி அதன் நிலையை மதிப்பிடுகிறது. குருதியோட்டம், ஊட்டம், வயது, தொற்று, புண்ணுள் தங்கிய அயற்பொருள், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை ஆறுதலை விரைவுபடுத்தும் அல்லது தடுக்கும் காரணிகள் எனக் கொள்கிறது. சுசுருத சங்கிதையும் புண்ணின் வடிவம், நிறம், மணம், ஒழுக்கு, வலி ஆகியவற்றை ஆராய்ந்தறியக் கூறுகிறது. தோல், தசை, குருதிக்குழாய், நரம்பு, எலும்பு, மூட்டு, உள்ளுறுப்பு, வருமம் என எட்டுவகை இடங்களைப் பகுத்து, புண்ணுக்குரிய அறுபது வகைச் செயல்முறைகளையும் அது தொகுத்துரைக்கிறது.

சங்கப் பாடல்களில் புண்ணின் இடம் வேறொரு மதிப்பீட்டுக்கும் அடிப்படையாயிற்று. வெண்ணிப் போரில் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தான் பெற்ற புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த செய்தியைக் கழாத்தலையாரும் (புறம். 65) வெண்ணிக் குயத்தியாரும் (புறம். 66) பாடியுள்ளனர். அங்குப் புண்ணை ஆற்றுதல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. புண் ஆறுமா என்னும் வினாவுக்கு முன்னர், ஆற்றப்படத் தக்கதா என்னும் வினா அம்மன்னனால் எழுப்பப்பட்டு விடையும் கூறப்பட்டுவிட்டது. மானமும் புண் ஆறுதலைத் தீர்மானிக்கும் காரணியாக இருந்த சமூகம் அது என்க.

ஆறிய புண்ணின் அடையாளமாகிய வடுவும் இத்தகைய இரட்டைப் பொருளுடையது. வடு என்னும் சொல் தழும்பையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். ஈர்ந்தூர்கிழான் தோயன் மாறனைப் பாடும் புறநானூற்று 180ஆம் பாடல் இவ்விரு பொருளையும் ஓரிடத்தே இணைக்கிறது. வாள் வடுக்கள் நிறைந்த அவன் உடல், மருந்துக்காகப் பலரும் வெட்டிக்கொண்ட மரத்துக்கு ஒப்பிடப்படுகிறது. வடுக்கள் மிக்க அவ்வுடலே வடுவற்றது எனவும் கூறப்படுகிறது. பிறர் நோய் தீரத் தான் வெட்டுண்ட மரம் என்னும் உவமை, மருந்து மரங்களின் பயன்பாடு அக்கால மக்களுக்கு நன்கு அறிமுகமாகியிருந்தது என்பதையும் காட்டுகிறது.

அறுவை முறைகள்

புண்ணைத் தைக்கும் வழக்கம் இருந்தமைக்குப் பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல் தெளிவான சான்றாகும். மீனைக் குறிவைத்துக் குளிர்ந்த குளத்துள் மூழ்கி எழும் சிரல் பறவையைப் புண் தைக்கும் நெடிய வெள்ளூசிக்குப் பரணர் உவமையாக்குகிறார். ஊசி தசையுள் மறைந்து மீண்டும் வெளிப்படும் இயக்கமே இங்கு உவமைக்கு அடிப்படை. இத்தொழிலை அருகிருந்து கண்ட பட்டறிவு இன்றி இவ்வுவமை தோன்றுதல் அரிது.

புண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கட்டும் வழக்கத்தைப் புறநானூற்று 353ஆம் பாடல் குறிக்கிறது. மகட்பாற்காஞ்சித் துறையில் அமைந்த அப்பாடலில் பெண்ணின் தமையன்மார், முனை மழுங்கிய வேலுடனும் பஞ்சு நீக்கப்படாத புண்ணுடனும் காட்சியளிக்கின்றனர். ஒரு போரின் புண் ஆறுவதற்குள் மற்றொரு போருக்கு அவர்கள் அணியமாயினர் என்பதே காரிக்கண்ணனார் உணர்த்தும் அச்சத்தின் பொருளாகும்.

பிற்கால இலக்கியங்களில் அறுவை முறை பொதுவறிவாகவே இடம்பெறுகிறது. மருத்துவன் அறுத்தாலும் சுட்டாலும் அவன்பால் நோயாளிக்குள்ள அன்பு நீங்காமையை வித்துவக்கோட்டுப் பதிகத்தில் குலசேகராழ்வார் உவமையாக்கினார். உடலில் தோன்றிய கட்டியை அறுத்து, குருதியை வெளியேற்றி, சுட்டு, அதன் பின்னரே மருந்திடும் வரிசைமுறையைக் கம்பராமாயண யுத்த காண்டம் குறிப்பிடுகிறது. அதே காண்டத்தின் மருத்துமலைப் படலத்தில் கூறப்படும் நான்கு மருந்துகளும் நோக்கத்தக்கன. மாண்டாரை எழுப்புவது ஒன்றைத் தவிர்த்துப் பார்த்தால், தைத்த படைக்கலத்தை வெளியேற்றுதல், பிளந்த உடலைப் பொருத்துதல், பழைய உருவை மீட்டல் என்னும் மூன்றும் புண் மருத்துவத்தின் படிநிலைகளாகவே அமைகின்றன. சித்த மருத்துவம் வகுக்கும் 32 புறமருந்துகளில் கட்டு, பற்று, களிம்பு, சீலை, வர்த்தி, சுட்டிகை, காரம், அறுவை ஆகியன அடங்குவதும் இம்மரபின் தொடர்ச்சியைக் காட்டும்.

மனையில் புண்ணோம்பல்

அறுவைக்குப் பின் புண் ஆறும் நாள்களைப் பற்றிய விரிவான சித்திரம் அரிசில் கிழாரின் புறநானூற்று 281ஆம் பாடலில் கிடைக்கிறது. புண்பட்ட தலைவனின் மனைவி தோழியை அழைத்துக் கூறுவதாக அது அமைந்துள்ளது. வீட்டில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுதல், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலித்தல், கையை மெல்லப் பெயர்த்து மையாகிய குழம்பைப் பூசுதல், ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவுதல், ஆம்பற்குழல் ஊதுதல், மணி அடித்தல், காஞ்சிப் பண் பாடுதல், மனை முழுதும் நறும்புகை எழுப்புதல் ஆகிய செயல்கள் அதில் வரிசையாகக் கூறப்படுகின்றன. வெள்ளைமாளரின் 296ஆம் பாடலிலும் வேப்பங்கிளை ஒடித்தல், காஞ்சி பாடுதல், நெய் தோய்ந்த கையினராய் ஐயவி புகைத்தல் ஆகியன வருகின்றன. இவ்வொலி எல்லா மனைகளிலும் எழுந்ததாக அப்பாடல் கூறுவதால், இஃது ஒரு குடும்பத்தின் தனிவழக்கன்று, ஊர்முழுதும் நிலவிய நடைமுறை என்பது பெறப்படும்.

பேயை விலக்கும் சடங்கு எனக் கூறி இச்செயல்களை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் 19ஆம் இயல் புண்பட்டோரைப் பேணும் முறையைத் தனியே வகுத்துரைக்கிறது. கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளும் இருவேளை, பத்து நாள்கள் புகையிட வேண்டும் என்கிறது அது. இனிய நண்பர்கள் அருகிருந்து கதை கூறிப் புண்பட்டவன் வலியை மறக்கச் செய்யவேண்டும் எனவும், குருதியையும் தசையையும் விரும்பி வரும் இராக்கதரிடமிருந்து அவனைக் காக்கவேண்டும் எனவும் விதிக்கிறது. கடுகு, வேம்பு, நெய், புகை, மனத்துக்கு இனிய ஒலி, பேய்க்காப்பு என்னும் கூறுகள் இருமரபுக்கும் பொதுவாக இருத்தல் வெளிப்படை.

எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதற்குத் தடையாக ஒரு வேறுபாடு உள்ளது. சுசுருதர், புணர்தற்குரிய மகளிரைக் காண்டலும் அவரொடு பேசுதலும் தீண்டலும் புண்பட்டவனுக்கு ஆகா என விலக்குகிறார். தமிழ் மரபிலோ மனைவியே காவலர். அவள் கையே மருந்து பூசும் கை. இரு மரபும் பொதுவான வழக்காறுகளைப் பெற்றிருந்து, அவற்றைத் தத்தம் சமூக அமைப்புக்கேற்ப ஒழுங்கு செய்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

வேம்பு குறித்தும் எச்சரிக்கை தேவை. வேப்பிலையின் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றல் இக்கால ஆய்வகங்களில் உறுதிப்பட்டுள்ளது. ஆயினும் தொற்றினைப் பற்றிய அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டது 1867இல் ஆகும். எனவே பண்டைத் தமிழர் நுண்ணுயிரை அறிந்திருந்தனர் எனல் மிகையுரை. கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒன்று புண்ணை அணுகிக் கெடுக்கிறது என அவர்கள் உணர்ந்து அதற்குப் பேய் எனப் பெயரிட்டனர் என்பதே சான்றுகள் இடந்தரும் எல்லையாகும். இலக்கியத்தில் வரும் வேம்பு அனைத்தும் மருந்துமன்று. நெடுநல்வாடையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் மன்னனுக்கு முன்னே செல்வோனின் வேலில் கட்டப்பட்டிருப்பது பாண்டியரின் அடையாள வேம்பு. அப்பாடலில் மருத்துவப் பொருள் தேடுவோர், உறங்காது ஒவ்வொருவர் புண்ணையும் முறைமுறையாகக் காணும் மன்னனின் செயலில் அதனைக் காணலாம்.

பேணுவார் என்னும் காரணி

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையில் இவை தொடர்பான இரு துறைகளை வகுக்கிறது. காக்கும் சுற்றத்தார் இல்லாத நிலையில் புண்பட்டவனைப் பேயே காத்துநிற்பது ஒன்று. புண்பட்டவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி தடுப்பது மற்றொன்று. இது தொடாக்காஞ்சி எனப்படும். இரண்டிலும் புண் உண்டு, புண்பட்டவன் உண்டு, பேயும் உண்டு. இரண்டையும் வேறு துறைகளாக்குவது பேணுவார் இன்மையும் உண்மையுமே ஆகும். களத்தில் தனித்துக் கிடப்பவனுக்கு எஞ்சும் துணை பேய் ஒன்றே என்னும் கொடுமையை இலக்கண ஆசிரியர் ஒரு துறையாகவே பதிவு செய்துள்ளார். நிலையாமை உணர்த்தும் காஞ்சியில் இத்துறைகள் அமைந்தமையும் கருதத்தக்கது. பேணுவார் இருப்பினும் புண் ஆறும் என்னும் உறுதி அன்று இல்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இக்கருத்தை மருத்துவக் கொள்கையாக்குகிறது. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என 949ஆம் குறள் கூறுகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என்னும் நான்கும் மருத்துவத்தின் கூறுகள் என 950ஆம் குறள் வகுக்கிறது. உடனிருப்போனுக்கு மருத்துவனுக்கு இணையாக ஓர் இடம் அளிக்கப்பட்டுள்ளது.

இக்கூறு நிறுவன வடிவம் பெற்றதைச் சோழர் கல்வெட்டு காட்டும். வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைப் பற்றி விவரிக்கிறது. அங்கு மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து சமைப்பார் இருவர், நோயாளிக்குப் பணிசெய்யும் பெண்டுகள் இருவர் ஆகியோருக்கு ஊதியம் வரையறுக்கப்பட்டது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை செய்வாருக்கு 30 கலம். பெண்டுகள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும் வழங்கப்பட்டன. மனையில் மனைவி அன்பினால் செய்த பணி, ஆதுலசாலையில் கூலிக்குரிய தொழிலாயிற்று. அங்கும் அது பெண்டிர் பணியாகவே தொடர்ந்தது.

முடிவுரை

புண்ணைத் தைத்தல், பஞ்சிட்டுக் கட்டுதல், அறுத்தல், சுடுதல் ஆகிய முறைகள் தமிழகத்தில் வழங்கியமைக்குச் சங்க இலக்கியம் முதல் கம்பராமாயணம் வரை சான்றுகள் உள்ளன. காஞ்சிப் பாடல்கள் காட்டும் வேம்பும் ஐயவியும் நெய்யும் புகையும் சுசுருத சங்கிதையின் புண்பேணல் முறையோடு ஒப்புமையுடையன. மனைவியை மையப்படுத்தும் நிலையில் அதனினின்று வேறுபடுவன. புண் ஆறுதற்குரிய காரணிகளுள் பேணுவாரின் உடனிருப்பைத் தொல்காப்பியம் துறைப் பகுப்பின் அடிப்படையாகவும், திருக்குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாகவும், திருமுக்கூடல் கல்வெட்டு ஊதியம் பெறும் பணியாகவும் ஏற்றுள்ளன. விழுப்புண்ணின் பெருமை பேசும் புறப்பாடல் ஆய்வுகள் அதனை ஆற்றிய கைகளையும் கணக்கில் கொள்ளும்போதே பண்டைத் தமிழரின் போர் வாழ்வு முழுமையாகப் புலப்படும்.